அக்கா போட்ட பக்கம்

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தபோது முதலில் கண்ணில் பட்டது என் அக்காவின் கைவேலைதான். சலோன் என்று நாங்கள் சொல்லும் முன்னறையில் ஒரு பிரம்புச் சாய்வு நாற்காலி. அதன் முதுகின் மேல் கருஞ்சிவப்புக் கம்பளியில் பின்னிய ஒரு சதுரம் விரித்திருந்தது. வைர வைரமாகக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் இலை, நாலு ஓரத்திலும் சங்கிலிபோல ஒரு வரி. தலையில் பூவும் கழுத்தில் புது மஞ்சள் கயிறுமாக நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வயிறு எரிந்தது. கல்யாணத்தன்றே வயிறு எரிந்த பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்கா தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. போய் ஒரு வருஷம் ஆவதற்குள் அவள் இடத்துக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். அக்கா போனால் தங்கை என்பது எங்களில் பழக்கம். அப்பா என்னைக் கேட்கவில்லை. நானும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. முன்பு அவர் அக்காவைப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அன்று பலகாரத் தட்டை அக்கா கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, என்னை அடுப்படியை விட்டு நகரக் கூடாது என்றார்கள். தட்டில் இருந்த பலகாரம் நான் சுட்டது.

இறந்தவளின் புடவைகளைப் பதினாறாம் நாள் காரியத்தில் கொடுத்துவிட்டார்கள். நகைகள் எனக்கு வந்தன. அந்தச் சதுரத்தை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியவில்லை. அது கூசேன். நாற்காலியில் முதுகுக்கு வைக்கிற அலங்காரத் தலையணைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். கூசேனுக்கு இரண்டு பக்கம் வேண்டும். அக்கா ஒரு பக்கத்தை முடித்திருந்தாள், மற்றதைத் தொடங்கவே இல்லை. முடியாத வேலையை எடுத்துக் கொடுத்தால் போனவள் அதைத் தேடிக்கொண்டு வருவாள் என்பது என் மாமியாரின் பயம். அதனால் அது வீட்டிலேயே தங்கியது. மீதிக் கம்பளி உருண்டைகளும் எலும்பு ஊசிகள் இரண்டும் ஒரு தாழை ஓலைக் கூடையில் அலமாரியின் மேல் இருந்தன.

அந்த ஊசிகளை எனக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் இந்தக் கரும்புத் தீவில் ரோஷ் புவா என்ற ஊரில் வளர்ந்தவர்கள். அங்கே மாசேர் என்று நாங்கள் கூப்பிட்ட கன்னியாஸ்திரிகள் சனிக்கிழமை பிற்பகலில் பெண்பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுத்தார்கள். கிறிஸ்தவ வேதத்தில் சேராத வீட்டுப் பெண்களும் போகலாம். எங்கள் வீட்டிலிருந்து அக்கா போனாள், நான் ஆட்டுக்குப் புல் அறுக்கப் போனேன். யாராவது ஒருத்தி புல் அறுக்க வேண்டுமே என்றார் அப்பா. அந்த ஒருத்தி எப்போதும் நான்தான்.

அக்கா திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்து பின்னுவாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தே திருடிக்கொண்டேன். அவளுக்கு மாசேர் கொடுத்த எலும்பு ஊசிகள். எனக்கு ஓர் உடைந்த குடையின் கம்பிகள். அவள் கை நூலை இழுக்காமல் விடும், கண்ணிகள் மூச்சு விடுகிற மாதிரி தளர்வாக விழும். நான் பின்னியது பலகை மாதிரி நிற்கும். அவள் சிரிப்பாள்.

"நூல ஏன்டி இப்படிக் கழுத்த நெரிக்கிற? விடு, அதுவா ஓடும்."

கெட்டியாக இருப்பது நல்லதுதானே, சீக்கிரம் நைந்து போகாதே என்று நான் நினைத்தேன். வேறு யாரும் அப்படி நினைக்கவில்லை.

என் புருஷனுடைய ஊர் சேன் பியேர். பெரிய ஆலைக்காரர்கள் துண்டு போட்டு விற்ற நிலத்தில் அவருடைய அப்பா கொஞ்சம் வாங்கிக் கரும்பு வைத்திருந்தார். அதை இவர் பார்த்துக்கொண்டார். வீட்டில் அவர், என் மாமியார், நான். மூன்று பேர்தான். ஆனால் மாமியார் என்னைச் 'சின்னவளே' என்று கூப்பிட்டாள். பெரியவள் இல்லாத வீட்டில் நான் யாருக்குச் சின்னவள்? நான் வைத்த ரசோனை, ரசத்தைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம், உறிஞ்சிவிட்டு, "பெரியவ வச்சா புளி இருக்கறதே தெரியாது," என்பாள். நான் முற்றம் கூட்டினால், பெரியவள் கூட்டிய முற்றத்தில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்பாள். ரோஷ் புவாவில் அக்கா ஒரு நாள்கூடத் துடைப்பத்தைத் தொட்டதில்லை. செத்த பிறகு அவளுக்கு எல்லா வேலையும் வந்துவிட்டது.

அவர் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் நான் அழுதுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நான் வடை சுட்டால் சாப்பிட்டார். சட்டை தைத்தால் போட்டுக்கொண்டார். குறையும் கிடையாது, நிறையும் கிடையாது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். நான் செய்த ஏதாவது ஒன்றைப் பார்த்து, அக்காவை நடுவில் கொண்டுவராமல், நல்லாயிருக்கு என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கு நான் காத்துக் கிடந்தேன்.

சாயங்காலம் கரும்புக் கொல்லையிலிருந்து வந்து குளித்துவிட்டு அவர் அந்த நாற்காலிக்குப் போவார். உட்காருமுன் அந்தச் சதுரத்தைக் கவனமாக எடுத்து, மடித்து, மடியில் வைத்துக்கொள்வார். தலையெண்ணெய் பட்டுவிடுமாம். என் மடியில் தலை வைக்கும்போது அந்த மனிதர் எண்ணெயைப் பற்றி யோசித்ததே இல்லை. அவருடைய விரல்கள் இலைகளின் மேல் போய்வருவதைக் கதவோரத்திலிருந்து பார்ப்பேன். உயிரோடு இருக்கிற ஒருத்தி என்றால் தலைமுடியைப் பிடித்துச் சண்டை போடலாம். கம்பளியோடு என்ன செய்வது?

தலைத் திவசம் நெருங்கியது. மாமியாருக்குக் கூசேன் கவலை வந்தது.

"திவசத்துக்குள்ள அத முடிச்சுப்புடணும். வருஷம் தாண்டிக் குறையா நிக்கக் கூடாது. கூடப் பொறந்தவ நீ இருக்கியே சின்னவளே, மத்தப் பக்கத்த நீ போடு."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் நாற்காலியில் இருக்கும்போதே போய்ச் சொன்னேன்.

"அத்தான், நான் புதுசாவே போடறேன். ரெண்டு பக்கமும், வேற நெறத்துல. அக்கா போட்டத மடிச்சுப் பொட்டியில பத்திரமா வப்போம்."

முன்பு அக்கா புருஷனாக இருந்தபோது அத்தான் என்றேன். கட்டிக்கொண்ட பிறகும் அத்தான்தான். அதுகூட மாறவில்லை.

"வேணாம்," என்றார். "அவ போட்டது இருக்கட்டும். நீ மத்தப் பக்கம் மட்டும் போடு. அதே மாதிரி."

அதே மாதிரி. கூடையை இறக்கி ஊசிகளைக் கையில் எடுத்தேன். அக்கா பக்கத்தை மடியில் விரித்துக் கண்ணிகளை எண்ணினேன், வரிசைகளை எண்ணினேன். ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை. வைரமும் இலையும் அதனதன் இடத்தில் விழுந்தன. முடித்து எடுத்துக்கொண்டு போனேன். மாமியார் என்னுடையதை அக்காவுடையதன் மேல் வைத்தாள். எல்லாப் பக்கமும் மூன்று விரற்கடை குறைந்தது.

"அவளுக்கு லாமேன் டூஸ், உனக்கு லாமேன் டீர்," என்றாள். எங்கள் தீவுப் பேச்சில், அவள் கை மிருது, உன் கை முரடு என்று அர்த்தம். கோபம் இல்லாமல், மழை வருகிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அவர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

பிரித்தேன். பிரித்த நூல் சுருட்டை சுருட்டையாக வந்தது. அதை அலசி, நுனியில் கல்லைக் கட்டிக் கொடியில் தொங்கவிட்டு நேராக்கினேன். கண்ணிகளைக் கூட்டிப் போட்டால் அகலம் வரும், ஆனால் ஓரத்தில் அரை வைரம் துண்டாக நிற்கும். பருமனான ஊசி பிடித்தால் தளரும், ஆனால் இலைக்குள் ஓட்டை விழும். எந்தப் பக்கம் சுற்றினாலும் வழி ஒன்றுதான். அதே ஊசி, அதே எண்ணிக்கை, அக்காவின் கை.

அவள் கையை எங்கே போய் வாங்குவது? ரோஷ் புவா வாசற்படியில் அவள் எப்படி உட்காருவாள் என்று நினைத்துப் பார்த்தேன். வலது காலை நீட்டிக்கொள்வாள். தலையை ஒரு பக்கம் சாய்ப்பாள். நூலை என்னைப்போலச் சுண்டுவிரலில் சுற்றமாட்டாள், உள்ளங்கையின் மேல் சும்மா ஓடவிடுவாள். மூக்கால் எதையோ முனகிக்கொண்டே இருப்பாள். நானும் காலை நீட்டினேன், தலையைச் சாய்த்தேன், நூலை விட்டேன். முனகினேன்கூட. கையும் இளகத் தொடங்கியது.

ஆனால் ஒரு சங்கடம். பொறாமை வந்தால் என் கை இறுகிவிடும். பொறாமை வராத பொழுது எனக்கு ஏது? மாமியார் பெரியவ என்று ஏதாவது ஆரம்பித்தால் அந்த வரிசை இறுகும். அவர் பழைய சதுரத்தைத் தடவுவது கண்ணில் பட்டால் அடுத்த வரிசையும் இறுகும். மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால் எந்த வரிசையில் வயிறெரிந்தேன் என்று அப்படியே தெரியும். அந்த வரிசைகளைப் பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். கடைசியில் அவர் கரும்பு வெட்டுக்கும் மாமியார் கோயிலுக்கும் போகிற நேரமாகப் பார்த்துப் பின்னினேன். அக்காமேல் பொறாமைப்படாமல் இருந்தால்தான் அக்காவைப்போலப் பின்ன முடியும். இப்படி ஒரு தண்டனையை எந்தச் சக்களத்தியும் கொடுத்திருக்கமாட்டாள்.

ஒரு நாள் மாமியார் கோயிலிலிருந்து முன்னதாகவே வந்துவிட்டாள். கதவருகில் அப்படியே நின்றாள். கையில் இருந்த திருநீற்றுப் பொட்டலம் நழுவியது.

"பெரியவளேன்னு கூப்பிட வந்துட்டேன்," என்றாள்.

நான் நீட்டிய காலை மடக்கிக்கொண்டேன். அன்றைக்கு அதன் பிறகு பின்னியதெல்லாம் பிரிக்க வேண்டியதாயிற்று.

திவசத்துக்கு முந்தின வாரம் முடித்தேன். மேலே வைத்துப் பார்த்தால் ஓரத்துக்கு ஓரம் ஒட்டியது. மாமியார் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குறை கண்டுபிடிக்க முடியாத முகத்தை அன்றுதான் அவளிடம் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துத் தைத்து, கொட்டை நீக்கிய இலவம்பஞ்சை அடைத்து, வாயை மூடினேன். எனக்கே பெருமை தாங்கவில்லை. அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்க மாசேர்கள் இருந்தார்கள். எனக்கு யார் இருந்தார்கள்?

திவசத்தன்று படையல் முடிந்து, வந்த உறவுக்காரர்கள் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். வெயில் இறங்குவதற்குள் வீடு அடங்கிவிட்டது. கூசேனை நாற்காலியில் வைத்தேன். என் பக்கம் முன்னால் தெரிகிற மாதிரிதான் வைத்தேன். வேண்டுமென்றே வைத்தேன். அவர் வந்தார். முதல் தடவையாக அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளாமல் அப்படியே நின்று பார்த்தார். பிறகு குனிந்து ஓர் இலையைத் தொட்டார். விரல் அதன் நரம்போடு போய் அடுத்த இலைக்குத் தாவியது. நான் சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

"எவ்வளவு நல்லாயிருக்கு," என்றார்.

வந்துவிட்டது. இத்தனை மாதமாக நான் காத்திருந்த வார்த்தை.

"பாத்தியா அவ கைய," என்றார். "இந்த மாதிரி இனிமே யார் போடப் போறா?"

சொம்பைக் கீழே வைத்தேன். இனிமேல் வாயை அடக்க என்னால் ஆகாது.

"அது நான் போட்டது அத்தான். அக்கா போட்டது பின்னால இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். கூசேனை எடுத்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார். இப்போது சொல்வார் என்று நின்றேன். நீயா போட்டே என்று கேட்டிருந்தாலே எனக்குப் போதும்.

"அப்படியா," என்றார். கூசேனைத் திருப்பி வைத்தார். அக்கா பக்கத்தின் மேல், தலையெண்ணெயையெல்லாம் மறந்து, மெதுவாகச் சாய்ந்துகொண்டார்.

நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேய்த்தேன். ஏற்கெனவே தேய்த்த பாத்திரங்கள். அழுகை வரவில்லை, வந்ததெல்லாம் கோபம். செத்தவள் செத்த பிறகும் தட்டை வாங்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள், நான் இன்னும் அடுப்படியில் நிற்கிறேன் என்று இருந்தது.

மறுநாள் காலையில் முன்னறையைக் கூட்டும்போது கூசேனை வெளியே எடுத்து உதறினேன், வெயிலில் காய வைத்தேன், திரும்ப நாற்காலியில் வைத்தேன். சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்தார். நாற்காலியின் முன் நின்று கூசேனைக் கையில் எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். சுருதி தெரியாதவன் தம்புராவைப் பிடித்த மாதிரி முழித்தார். பிறகு கூச்சத்தோடு என்னைக் கூப்பிட்டார்.

"இதுல அவ போட்ட பக்கம் எது?"

நான் அருகில் போனேன். எனக்கு இருட்டில் கேட்டாலும் தெரியும். அவர் கையிலிருந்து கூசேனை வாங்கி, நான் போட்ட பக்கத்தை மேலே வைத்து, அதன் மேல் விரலை வைத்தேன்.

"இதுதான் அத்தான், அக்கா போட்டது," என்றேன்.

அவர் அதன் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.