லைக்ரா இறுக்கிய பூவரசுகள்

அம்மா ஈரோட்டில் சின்னத் துணிக்கடை வைத்திருக்கிறார். சரக்கெடுக்கத் திருப்பூர் காதர்பேட்டைக்குப் போவார். காலாண்டு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை நானும் ஒட்டிக்கொண்டேன். ஓய்வுபெற்ற பனியன் தொழிலாளர்கள் சனிக்கிழமைகளில் ஒரு குளக்கரையில் மரம் வளர்ப்பதாக நூலகத்தில் நாளிதழில் படித்திருந்தேன். கடைகள் திறக்கும்முன் அதைப் பார்த்துவிடலாம் என்று அம்மாவை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன்.

திருப்பூருக்கு ரயிலில் ஐம்பது நிமிடம், ஆளுக்கு முப்பது ரூபாய். அங்கிருந்து திருமுருகன்பூண்டிக்கு டவுன் பஸ், சுமார் எட்டு கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. (ஜன்னலோரம் உட்காருங்கள். சிற்பக் கூடங்களில் இன்னும் முகம் செதுக்காத சாமிகள் வரிசையாக நிற்கும்.) இறங்கிக் கொஞ்சம் நடந்தால் குளம்.

பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். கம்பெனிப் பழக்கம் போகவில்லை; தையல் மெஷின் வரிசையைச் சொல்வதுபோல மர வரிசையைக்கூட ‘லைன்’ என்றுதான் சொல்கிறார்கள். கம்பெனியில் தைத்த துணியில் பழுது பார்க்கும் செக்கிங்கில் இருந்த பாப்பாத்தி அம்மா ஒவ்வொரு மரமாகப் பார்த்துவந்து, ஒரு பூவரசின் முன் நின்றுவிட்டார். முட்டுக்குச்சியோடு கட்டிய துணி பட்டைக்குள் புதைந்திருந்தது. இலைகள் மஞ்சளாகியிருந்தன.

இங்கே செடி கட்டக் கயிறு கிடையாது, கம்பெனியில் வெட்டி மிஞ்சும் பனியன் வேஸ்ட் துணிதான். பருத்தித் துணி மரம் பருக்கப் பருக்க நெகிழ்ந்து, பிறகு தானே இற்றுவிடும். ஆனால் இந்த லைனைக் கட்டிய இப்ராகிம் ஐயா, முன்னாள் கட்டிங் மாஸ்டர், மழைக்குத் தாங்கட்டும் என்று ரப்பர்போல இழுபடும் லைக்ரா துணியைக் கொண்டுவந்திருக்கிறார். அது இற்றுப்போகாமல் இறுக்கிவிட்டது.

“ஏனுங்க மாஸ்டரே, பூவரசுக்கு லெக்கின்ஸ் போட்டு உட்டீங்களா?” என்றார் கூட்டத்தில் ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அடுத்த மரத்தைத் தடவினார், அதற்கடுத்ததையும். லைன் முழுக்க அப்படித்தான்.

“நானே கழுத்த நெரிச்சுட்டேனுங்க. இனி நா வர்லீங்க. வெட்டறவன் வெட்டறதோட இருந்திருக்கோணும்.”

“அப்ப வெட்டுங்க” என்று பாப்பாத்தி அம்மா கத்தரியை நீட்டினார்.

மாஸ்டர் அதை வாங்கிக்கொண்டார். பட்டையில் படாமல் இழை இழையாக வெட்டினார். கட்டு விட்டதும் மரம் அப்படியே சாய்ந்தது.

“புடிச்சுக்க கண்ணு!” என்று பாப்பாத்தி அம்மா என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் தாங்கிக்கொண்டேன். தண்டைச் சுற்றி ஆழமான பள்ளம். பருத்திக் கீற்று ஒன்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, விரல் நுழையும்படி தளர்வாகக் கட்டினார் மாஸ்டர்.

“பொழைக்குமுங்களா?” மாஸ்டர் கேட்டார்.

“எனக்கென்னுங்க தெரியும்? அடுத்த சனிக்கெழம நீங்களே வந்து பாருங்க” என்றார் பாப்பாத்தி அம்மா.

மரம் நடுவது சந்தோஷமான வேலை என்று மட்டுமே நினைத்திருந்தேன். தான் வளர்த்ததற்குத் தானே கெடுதல் செய்துவிட்டோம் என்று தெரிந்தபின், அதன் முன்னாலேயே மறுபடி குனிவதும் அந்த வேலையில் சேர்த்திதான் போலிருக்கிறது.

போக நினைப்பவர்கள் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் பெரியவர்கள் கிளம்பிவிடுவார்கள். தண்ணீரும் தொப்பியும் அவசியம். பழைய பருத்திப் பனியன்களைக் கீற்றாகக் கிழித்துக் கொண்டுபோங்கள். இழுத்துவிட்டால் சட்டென்று சுருங்கும் துணி வேண்டவே வேண்டாம். முடிந்தால் கூர்மையான சின்னக் கத்தரி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதி லைன் இன்னும் அவிழ்க்கப்படாமல் நிற்கிறது. நாங்கள் கிளம்பும்போது டீ வந்திருந்தது. மாஸ்டர் கத்தரியோடு இன்னொரு பூவரசின் முன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார், டீக்குக் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.