ஓட்ஸ் கஞ்சியும் பதினைந்து நிமிடமும்

போன வாரம் என் மருமகள் ஒரு பொட்டலத்தைக் கிழித்துக் கிண்ணத்தில் கொட்டி, பாலை ஊற்றி, மைக்ரோவேவுக்குள் வைத்தாள். மூன்று நிமிடம். அது கீச்கீச்சென்று கத்தியதும் கதவைத் திறந்தாள். சமையலறை முழுக்கப் பட்டை வாசனை. எனக்குத் தலை லேசாகச் சுற்றியது. ரத்த அழுத்தம் என்று நினைத்தேன். எனக்கு எது வந்தாலும் முதலில் ரத்த அழுத்தம் என்றுதான் தோன்றும். அது இல்லையென்றால் கேஸ் கசிகிறதோ என்று தோன்றும். இரண்டும் இல்லை. ஓட்ஸ். பட்டையும் ஏலக்காயும் போட்ட ஓட்ஸ் கஞ்சி. டாக்டர் சொன்னார் என்று எனக்காக வாங்கி வந்திருக்கிறாள்.

நாற்பது வருஷமாக நான் தொடாத சாப்பாடு அது. ஏன் தொடவில்லை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சிகந்திராபாத்தில், திருமுல்கேரியில் ஒரு மாடி அறையில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து, ஜீடிமெட்லாவில் ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் டிரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூட இருந்தவன் சண்முகசுந்தரம், திருநெல்வேலிக்காரன். அவன் தன் பெயரைத் தானே சம்முவம் என்றுதான் சொல்வான். என்னோடு அதே கம்பெனியில்தான் வேலை, ஆனால் அவன் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். பம்பைப் பிரித்து மாட்டுகிறவனுக்கும் டிரம் கழுவுகிறவனுக்கும் கம்பெனியில் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். அறையில் அப்படி ஒன்றும் கிடையாது. ஒரே பாய், ஒரே பக்கெட், ஒரே திரி ஸ்டவ்.

ஓட்ஸ் எங்களுக்கு வந்த கதை வேடிக்கை. கீழ்வீட்டில் வீட்டுக்காரர் ரஹீம் சாயிபு, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று ராணுவ டாக்டர் சொன்னதால் கேன்டீனிலிருந்து ஓட்ஸ் டின் வாங்கி வந்தார். ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டாராம். டின்னோடு மாடியேறி வந்தார்.

"மேரேகு நக்கோ பாய். யே கோடே கா தானா. தும் லோகா காவ்" என்றார். குதிரைத் தீனியாம், எனக்கு வேண்டாம், நீங்கள் தின்னுங்கள் என்று.

"நம்மளப் பாத்தா குதிர மாரியா இருக்கு?" என்று சம்முவம் அவர் போனபின் கேட்டான். "ஒன்னயப் பாத்தா இருக்கும்லே. எப்பயும் மெரண்டுபோய் நிக்க."

முதல் நாள் நான் செய்த காரியத்தை இப்போது சொன்னாலும் சிரிப்பார்கள். சோறு வடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன் நான். ஓட்ஸையும் கொதிக்க வைத்து, தட்டுப் போட்டுக் கவிழ்த்து, கஞ்சியை வடித்துக் கீழே ஊற்றிவிட்டேன். பானையில் மிஞ்சியது ஈரப் பஞ்சு மாதிரி ஒரு கைப்பிடி. சம்முவம் அதை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"சத்தையெல்லாம் சாக்கடைக்குக் குடுத்துட்டு நமக்குச் சக்கையா? நல்லா இருக்குலே ஒன் நியாயம்."

அதற்கப்புறம் மெல்ல மெல்ல வழிக்கு வந்தோம். எனக்கு உப்பும் மோரும் போட ஆசை. அவனுக்கு இனிப்பு வேண்டும். அவன் அம்மா ஊரிலிருந்து ஓலைக்கொட்டானில் கருப்பட்டி அனுப்புவாள். அவன்தான் ஜெயித்தான். ஓட்ஸை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுக்க வேண்டும். தண்ணீரில் ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, நசுக்கிய சுக்கு போட்டுக் கொதிக்கவிட வேண்டும். பிறகு ஓட்ஸைத் தூவி, திரியைத் தணித்து, கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இருபது நிமிடமாவது ஆகும். அந்தக் கால ஓட்ஸ் தடித்தது, லேசில் மசியாது. கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து மண் போக வடிகட்டி ஊற்றி, கடைசியில் பாலும் ஏலக்காயும். பனிக்காலக் காலையில் அந்த ஆவி முகத்தில் அடிக்கும்போது, டிரம்மிலிருந்து ஏறிக்கொள்ளும் மருந்து நாற்றம் மூக்கைவிட்டுக் கொஞ்ச நேரம் போயிருக்கும். சாயிபு ஒருநாள் வாசனை பிடித்து மேலே வந்து, ஒரு தம்ளர் குடித்துவிட்டு, "யே கோடே கா நை, நவாப் கா கானா" என்று, குதிரைத் தீனியை நவாப் சாப்பாடாக்கித் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டார். சர்க்கரை வியாதிக்காரருக்குக் கருப்பட்டிக் கஞ்சி கொடுத்துவிட்டேனே என்று அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் வந்ததும் அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுதான் முதலில் எட்டிப் பார்த்தேன். வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

என் கவலையைப் பற்றிச் சொல்கிறேன், இந்தக் கதைக்கு அது வேண்டும். பஸ் போய்விடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் அலாரம் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் கூட்டியே வைத்திருப்பேன். சம்முவத்துக்கு அது பழகிப்போயிற்று. கடிகாரம் ஆறேகால் காட்டினால், "ஆறு" என்பான். அந்தக் கழித்தல் கணக்கு அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. எனக்கு 'மணிக்கூண்டு' என்று பெயரே வைத்துவிட்டான்.

"சிகந்திராபாத்துல ஒரு மணிக்கூண்டு சரியான நேரம் காட்டும். எங்க ரூம்புல ஒரு மணிக்கூண்டு பயத்தக் காட்டும்" என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொல்வான்.

அப்படி இருக்கும்போது அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. நகரத்தின் மறுகோடியில் பெரிய மத்திய அரசுத் தொழிற்சாலை. ஃபிட்டர் வேலைக்கு நேர்முகமும் செய்முறைத் தேர்வும். காலை எட்டு மணிக்கு வாசலில் இருக்க வேண்டும். அவனுக்கு வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. இதை விட்டால் இனி அரசாங்க வேலைக்கு மனுப் போடவே முடியாது. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தான்.

"வேல கெடச்சா குவார்ட்டர்ஸ் குடுப்பாங்களாடா?" என்று கேட்டேன்.

"குடுப்பான். ரெண்டு ரூம்பு, தண்ணிக் கொழா. அம்மயக் கூட்டிட்டு வந்துருவேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ ஞாயித்துக்கெழம வந்து கஞ்சி காய்ச்சிக் குடுலே. பஸ் சார்ஜ் நாந்தாரேன்" என்றான்.

நான் சிரித்தேன். அவன் போய்விட்டால் அந்த அறையில் நான் யாரோடு பேசுவேன்? கம்பெனியில் எல்லோரும் தெலுங்கு பேசுகிறவர்கள். எனக்கு அப்போது வாங்க, போங்க என்கிற 'ராண்டி, போண்டி'யைத் தாண்டி வராது.

நேர்முகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. முக்கியமான நாளில் பொய் நேரம் காட்டுகிற கடிகாரம் எதற்கு? பதற்றத்தில் இவன் பதினைந்துக்குப் பதில் இருபதைக் கழித்துவிட்டால்? சாயிபு வீட்டு ரேடியோவில் செய்திக்கு முன்னால் மணி ஒலிக்கும்போது முள்ளைத் திருப்பிச் சரியான நேரத்தில் வைத்தேன். சம்முவம் அப்போது முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தான். வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவன் சட்டையை இஸ்திரி போட உட்கார்ந்தேன், காலர் தீய்ந்துவிடுமோ என்ற கவலை வந்துவிட்டது. சொல்ல மறந்தேன். இதுவரை உண்மையிலேயே மறதிதான். நம்புங்கள்.

மறுநாள் காலை கஞ்சி வைத்தேன். வெறும் வயிற்றில் போனால் இரும்பு அறுக்கும்போது கை நடுங்கும் என்று, நெய்கூட ஒரு ஸ்பூன் விட்டேன். பஸ் ஆறு இருபதுக்கு. ஸ்டாப்புக்கு எட்டு நிமிட நடை. சம்முவம் குளித்து, திருநீறு பூசி, சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்தான். தட்டு காலியானதும் அலமாரியைப் பார்த்தான். கடிகாரத்தில் ஆறு ஐந்து.

"பத்து நிமிசம் கொறச்சலா ஆறு மணி. சாவகாசமாப் போலாம்" என்றான்.

அந்த நொடி எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. முள்ளைத் திருப்பியது, ரேடியோ மணி, எல்லாம் பளிச்சென்று வந்தது. கையில் கரண்டி. வாயைத் திறந்தேன். 'டேய், அது சரியான நேரம்டா, எந்திரி' என்று சொல்ல வேண்டியது. அவ்வளவுதான். அவன் எழுந்து நடந்திருந்தால் பஸ்ஸுக்கு ஏழு நிமிடம் முன்னால் ஸ்டாப்பில் நின்றிருப்பான்.

"இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்றேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்குள் வழக்கு நடக்கிறது. தெரிந்தே செய்தேன் என்று சொல்லவும் முடியவில்லை, தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் முடியவில்லை. கரண்டி போட்டேன். கருப்பட்டி ஊற்றினேன். அவன் ரசித்துக் குடித்தான். "இன்னைக்கி ஒன் கை மணக்குவே" என்றான். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிப்பிடிக்கிற வாசனை வந்தபோதுதான் வாயிலிருந்து சொல் வந்தது.

"சம்முவம், நேத்து அத சரி பண்ணி வெச்சிட்டேன்டா. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

மணி ஆறு பதினைந்து.

ஓடினோம். அவன் ஷூவுக்கு லேஸ்கூடக் கட்டவில்லை. தெருமுனை திரும்பும்போது பஸ்ஸின் பின்புறமும் அதன் புகையும் தெரிந்தன. ஒரு ஆட்டோக்காரர் தூரத்தைக் கேட்டுவிட்டு, "உத்தா தூர் நக்கோ", அவ்வளவு தூரம் வேண்டாம் என்று கையை விரித்தார். அரைமணி கழித்து வந்த அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனான். நான் ஷிப்டுக்குப் போனேன். அன்று எத்தனை டிரம் கழுவினேன், எதைக் கழுவினேன் என்று தெரியாது.

சாயங்காலம் வந்தபோது அவன் அறையில் இருந்தான். இஸ்திரி போட்ட சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் தாமதம். கேட்டுக்காரர் உள்ளேயே விடவில்லையாம். நான் ஒரு மூலையில் போய் நின்றேன். அழுகை வந்தது.

"என்னலே ஒப்பாரி? எந் தப்புதான். நாந்தான வாச்சி வாங்காம ஒங் கடியாரத்த நம்புனேன்" என்றான். பெட்டியை மூடிவிட்டு, "கடியாரத்த ஒருத்தன் சரிபண்ணி வச்சா, அது தப்பாலே?" என்று சிரித்தான். சத்தம் வராத சிரிப்பு.

கீழிருந்து சாயிபு, "கைக்கு ரோதே மியா? தூஸ்ரா ஆதா" என்று குரல் கொடுத்தார். இன்னொன்று வரும், ஏன் அழுகிறாய் என்று. அவருக்கு வயது வரம்பு விஷயம் தெரியாது.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'இப்பத்தான்' என்று சொன்னேனே, அது பொய்டா, பத்து நிமிடம் முன்னாலேயே தெரியும் என்று. திட்டியிருப்பான், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பான். சொல்லவில்லை. அவன் போகவில்லை, அறையிலேயே இருந்தான். நான் பயந்தது நடக்கவில்லை. ஆனால் பாருங்கள், அதற்கப்புறம் அவன் கடிகாரத்தில் கழிக்கவே இல்லை. நான் மறுபடி பதினைந்து நிமிடம் கூட்டி வைத்தேன். அது காட்டியதையே நம்பி, சீக்கிரமே எழுந்து போய்விடுவான். கஞ்சியை நின்றுகொண்டே குடிப்பான். இரண்டாவது கரண்டிக்கு ஒருநாளும் தட்டை நீட்டவில்லை. மணிக்கூண்டு என்றும் கூப்பிடவில்லை. வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து சூரத்துக்குப் போனான், ஒரு தனியார் மில்லில் வேலை என்று. ஸ்டேஷனில் நான் ஓட்ஸ் டின்னை நீட்டினேன். "அங்க யாருவே கிண்டிக்கிட்டு நிக்கப் போறா, நீயே வச்சிக்கோ" என்றான். இரண்டு கடிதம் வந்தது. இரண்டாவதில் அம்மா இறந்துவிட்டதாக எழுதியிருந்தான். குவார்ட்டர்ஸில் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்க்காமலே போய்விட்டாள். நான் நாலு பக்கம் பதில் எழுதினேன், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு. தபாலில் போடும் முன் ஒரு தரம் படித்துப் பார்த்தேன். அதுதான் செய்த பிழை. கிழித்துவிட்டேன். பிறகு விலாசம் மாறிவிட்டது.

அந்த மாடி அறை இப்போது இல்லை. சாயிபுவின் மகன்கள் வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். திரி ஸ்டவ் இல்லை, ஓலைக்கொட்டான் இல்லை. ஆறு இருபது பஸ்ஸுக்கு இப்போது வேறு நம்பராம். எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரமே கிடையாது. எல்லோர் போனிலும் ஒரே நேரம். கூட்டுவதும் இல்லை, கழிப்பதும் இல்லை. ஓட்ஸும் மூன்று நிமிடத்தில் ஆகிவிடுகிறது. கிண்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

அன்று மருமகள் வைத்த கிண்ணத்தை எப்படியோ குடித்து முடித்தேன். பொட்டலத்துச் சர்க்கரை இனிப்பு, கருப்பட்டி இல்லை. ஆனாலும் பட்டை பட்டைதான்.

"இன்னும் கொஞ்சம் போடட்டா மாமா?" என்றாள்.

"மணி என்னம்மா?" என்று கேட்டேன்.

"டைம் உந்தி மாமா, நெறைய நேரம் இருக்கு, எங்க போகணும் உங்களுக்கு?" என்று சிரித்தாள்.