ஹெவி ட்யூட்டி கிளட்சும் சந்தாபுரா டிராஃபிக்கும்

போன ஞாயிறு சேற்றில் சிக்கிய ஜீப்பை வீரமாக வெளியே எடுத்தேன். கிளட்ச் எரிந்துபோயிற்று.

எங்கள் ஆஃப்-ரோடு குழு ஒரே குரலில் சொன்னது: "ஹெவி ட்யூட்டி போடு மச்சி. மலையையே இழுக்கும்."

மலையை எங்கே இழுத்துக்கொண்டு போவது என்று யாரும் சொல்லவில்லை.

இன்று பெங்களூரு ஆஸ்டின் டவுனில் ஒரு உதிரிபாகக் கடை. கூடவே என் மனைவி ரெஜினா. ஞாயிறு மட்டும்தான் ஜீப் எனக்கு. மற்ற நாளெல்லாம் அவள்தான் அதை ஓட்டிக்கொண்டு, சந்தாபுரா நெரிசலைத் தாண்டி, பொம்மசந்திராவுக்கு வேலைக்குப் போகிறாள். இந்த விவரத்தைக் குழுவில் நான் சொன்னதில்லை.

கடைக்கார பாய் தன் ஜீப்பைக் காட்டினார். "இதுல அதே கிளட்ச்தான். ஸ்பிரிங் பலம், அதனால பெடல் கொஞ்சம் கெட்டி. மிதிச்சுப் பாருங்க சார்."

மிதித்தேன். "ஒண்ணும் தெரியல பாய்" என்றேன்.

ரெஜினா பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "சரி, சந்தாபுரா வந்தாச்சு. முன்னாடி பஸ் நிக்குது. மிதி."

மிதித்தேன்.

"நகருது, விடு. நின்னுடுச்சு, மிதி. விடு. மிதி. இன்னும் சிக்னலே கண்ணுல படல."

பாய் இரண்டு வாடிக்கையாளர்களை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். என் இடது கால் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தது.

"ஹெவி ட்யூட்டியே வாங்கிக்கோ. திங்கக்கிழமையிலேர்ந்து நீயே என்னைக் கொண்டுபோய் விட்டுடு" என்றாள்.

சாதாரண கிளட்ச் வாங்கி வந்தோம். மலைகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

குழுவில் 'ஸ்டாக் இல்லை' என்று போட்டேன். உடனே மூன்று பேர் வேறு கடை முகவரி அனுப்பிவிட்டார்கள்.

அந்த மூவரின் ஜீப்பையும் வாரநாட்களில் ஓட்டுவது யார் என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.