பூ விழாத வெள்ளிக்கிழமை

என் மருமகள் விமானம் ஓட்டுகிறவள். இதைச் சொன்னால் எங்கள் பக்கம் யாரும் முதலில் நம்புவதில்லை. விமானத்தில் காபி கொடுக்கிற பெண்ணா என்பார்கள். இல்லை, முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவள் என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "ரிவர்ஸ் எப்படிங்க எடுப்பாங்க?" என்று நாமக்கல் சந்தையில் ஒரு லாரிக்காரர் உண்மையாகவே கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். "அதுக்குத் தள்ளி உடற வண்டி இருக்குதுங்க அத்தை" என்று சிரித்தாள்.

அவள் பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். டெல்லியில் பெரிய விமானத்தில் கேப்டனுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். என் மகன் கோழிகளுக்கு வருகிற நோயைப் பார்க்கும் டாக்டர். கோழி டாக்டருக்கு டெல்லியில் எத்தனை நாள் மனசு ஒட்டும்? நாமக்கல்லில் அவனுக்கு நல்ல இடம் கிடைத்தபோது அவள் வேலையை விட்டுவிட்டு அவனோடு வந்துவிட்டாள். அந்தச் சனிக்கிழமையே நான் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தினேன். பிள்ளையும் மருமகளும் என் கண் எதிரில் சாப்பிடுவார்கள் என்பதைத் தவிர வேறு எதையும் அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

அவள் வீட்டில் முகம் சுளித்ததே இல்லை. கார் எடுத்துப்போய் ரேஷன் வாங்கி வருவாள், விளக்கு துலக்கி வைப்பாள். ஆனால் தினமும் காலையில் ஒரு காரியம் செய்வாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்குள் எதையோ சொல்லியபடியே கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் காற்றில் எதையோ தொடுவாள். பிறகு முட்டிக்குப் பக்கத்தில் எதையோ தள்ளுவாள். நான் பூஜை அறையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"என்ன சாமி அது, மந்திரமா?"

"இல்லீங்க அத்தை, சுவிட்சு. கை மறந்துரக் கூடாதுங்கில்ல."

இத்தனை நாளைக்குள் இத்தனை தடவை விமானத்தை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் பழக்கிப் பரீட்சை வைத்துத்தான் விடுவார்கள் என்று மகன் சொன்னான். நாள் ஆக ஆக, கூப்பிடுகிறவர்களும் யோசிப்பார்களாம்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரே மாதத்தில் இரண்டு வேலை வந்தது. ஒன்று டெல்லி, பழையபடி பெரிய விமானம். போனால் மாதத்துக்கு ஏதோ சில நாள்தான் ஊர்ப்பக்கம் வர முடியும். இன்னொன்று பெங்களூர். விசிறி சுற்றுகிற சின்ன விமானம், சேலத்துக்கும் வந்து போகிறது. ஆனால் அந்த விமானத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும், இத்தனை வருஷம் விலகக் கூடாது என்று கையெழுத்தும் போட வேண்டும். பெங்களூர் என்றால் லீவு நாளெல்லாம் வீட்டில் இருக்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் டெல்லிக்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

பெங்களூர்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டது போலத்தான் பேசிக்கொண்டோம். சேலத்துக்குப் பக்கத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது தலைக்கு மேலே சின்ன விமானம் ஒன்று சத்தமாகப் போனது. "அதா பாரு, நம்ம பிளேனு" என்று நான் அவள் கையைப் பிடித்துக் காட்டினேன். அவள் அண்ணாந்து பார்த்தாள். உடனே கண்ணை இறக்கிக்கொண்டாள். வெயிலில் கண் கூசுகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியமும் குலதெய்வத்திடம் பூ கேட்காமல் நடந்ததில்லை. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் காட்டுக்குள் இருக்கிற அம்மன் அது. அபிஷேகம் முடிந்த ஈரத்தோடு அம்மனின் இரண்டு தோளிலும் பூசாரி ஒவ்வொரு செவ்வரளிப் பூ ஒட்டி வைப்பார். கேள்வியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வலது பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் உத்தரவு, இடது பக்கம் விழுந்தால் கூடாது. பூ விழுகிற வரை கேட்க வந்தவர்கள் யாரும் எழுந்து போகக் கூடாது. கேட்டவர்தான் கேள்வியைத் திரும்ப எடுக்கவும் முடியும். என் வீட்டுக்காரர் காலமான பிறகு வீட்டுக்கு மூத்தவள் நான் என்பதால் கேட்கிற வாயும் என்னுடையதாகிவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து யாரும் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. மருமகள்தான் கார் ஓட்டினாள். பக்கத்தில் மகன். பின்னால் நானும் என் நாத்தனாரும். நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்காது. அண்ணன் மனைவி என்பதால் என்னை நங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன நங்கை, அம்மங்கிட்ட என்னன்னு கேக்கப்போறீங்க?"

"பெங்களூர் வேலைக்குப் போலாமான்னு."

"அதுக்கு முன்னாடி, வேலைக்கே போகோணுமான்னு கேக்க வேண்டாமா? ஆம்பளை கைநெறைய சம்பாரிக்கறான். இவ பறந்துக்கிட்டே இருந்தா தொட்டில எப்ப கட்டறது?"

"தொட்டிலப் பத்தி இப்ப யாரு கேட்டா?" என்றான் மகன்.

"நீ பேசாத. பொண்டாட்டி பிளேனு ஓட்டுனா புருசன் கோழிக்கு ஊசி போடறான். ஊரே சிரிக்குது."

"கோழிக்கு ஊசி போடாட்டி உங்களுக்கு முட்டை வராதுங்க" என்று மருமகள் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொன்னாள். நாத்தனாரே சிரித்துவிட்டாள். சொன்னவள் மட்டும் சிரிக்கவில்லை.

அம்மனுக்கு ஆமாம், இல்லை என்று மட்டும்தான் சொல்ல முடியும். அதனால் என்ன கேட்கிறோம் என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. இது அன்றைக்கு அந்தக் காரில் எனக்குத் தோன்றவில்லை.

கோயிலில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. செல்போன்களை வாசற்படிக்கு வெளியே ஒரு கல்லின் மேல் வைக்கச் சொன்னார் பூசாரி. பூவில் காற்றுப் படக் கூடாது என்று மின்விசிறியையும் நிறுத்தினார். அபிஷேகம் முடிந்தது. பூவைத் தண்ணீரில் நனைத்து இரண்டு தோளிலும் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கேளுங்க ஆத்தா."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "தாயே, எம் மருமவ பெங்களூர் வேலைய எடுத்துக்கலாமா? உத்தரவு குடு."

கண்ணைத் திறந்தபோது மருமகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று அம்மன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உட்கார்ந்திருந்தோம். சில சமயம் உடனே விழுந்துவிடும். சில சமயம் கொஞ்ச நேரம் ஆகும். அன்றைக்குக் கல்லில் ஈரம் காய்ந்து திட்டுத்திட்டாக வெளுத்தும் பூ அசையவில்லை. கருவறைக்குள்ளிருந்து சூடு வெளியே வந்தது. என் முதுகில் வேர்வை இறங்கியது. நாத்தனார் முந்தானையால் விசிறப் போனாள், "காத்துங்க" என்று பூசாரி அதட்டினார்.

ஒரு கட்டத்தில் வலது பக்கத்துப் பூ நகர்ந்தது. மெதுவாகச் சரிந்து வந்து அம்மனின் பொட்டுத்தாலிக் கயிற்றில் தலைகீழாகச் சிக்கிக்கொண்டது. விழவும் இல்லை, இருந்த இடத்திலும் இல்லை.

"இது உத்தரவுதாங்களா?" என்றான் மகன்.

"மண்ணுல விழோணுமுங்க" என்றார் பூசாரி.

வெளியே கல்லின் மேல் ஒரு போன் அதிர்ந்தது. வண்டு மாட்டிக்கொண்டது போலச் சத்தம். யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. மருமகளின் உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் போய்விட்டது, கால் மட்டும் எங்களோடு மடங்கியிருந்தது. போன் நின்றது. மறுபடியும் அடித்தது.

"மணி என்னங்க?" என்று அவள் மகனிடம் கேட்டாள்.

"நாலு தாண்டிருச்சு. உடு, அவங்களுக்குத்தான் வேண்டாம்னு சொல்லப்போறோமே. அப்பறமாச் சொல்லிக்கலாம்."

அவள் தலை குனிந்துகொண்டாள். மடியில் கை இரண்டும் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன.

"அம்மனுக்கே இந்தப் பிளேனு சமாச்சாரம் புடிக்கலையாட்ட இருக்குது" என்று நாத்தனார் முணுமுணுத்தாள்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. என்ன குற்றமோ, என்ன தீட்டோ என்று மனசு எங்கெங்கோ ஓடியது. போகிறவள் வாயால் கேட்டால் தாய் இரங்குவாளோ என்று தோன்றியது. அவள் தோளைத் தொட்டேன்.

"அம்மிணி, நீ ஒரு வார்த்தை கேளு சாமி. உனக்காவத்தான கேக்கறம்."

"வேண்டாங்க அத்தை."

"ஏன் சாமி?"

அவள் அம்மனைப் பார்த்தபடியே சொன்னாள். "நாங் கேட்டா டெல்லியத்தாங்க கேப்பேன்."

பூசாரி கூட ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார். மகன் முழங்காலை ஊன்றிப் பாதி எழுந்தவன், நினைவு வந்து அப்படியே உட்கார்ந்தான்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே நீ."

"நீங்க கேக்கவே இல்லீங்களே. பெங்களூருக்கு எப்பப் போறதுன்னுதான் கேட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. "தெனம் காலைல ஒக்காந்து நான் பண்ணுனது பூரா அந்தப் பெரிய பிளேனுக்குத்தாங்க. அதுலதான் எங் கை ஓடுது. உங்க வேலைக்கு நான் வந்தேன். சந்தோசமாத்தான் வந்தேன். இதுக்கு மட்டும் நான் போறேங்க."

"அப்பச் சாமிகிட்ட அதையே கேட்டுரு" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வலது விழுந்தாப் போ. ஒருத்தரும் தடுக்க மாட்டோம்."

"எடது விழுந்தா?"

நான் அம்மனின் இடது தோளைப் பார்த்தேன்.

"எடது விழுந்தாலும் நான் போவேங்க அத்தை. அப்பறம் மருமவ சாமிய மீறிட்டாளேன்னு நீங்க ஒரு ராத்திரி கூடத் தூங்க மாட்டீங்க. நான் மேல ஏறும்போதெல்லாம் இங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பீங்க. அதுனாலதாங்க கேக்க மாட்டேங்கறேன். கேட்டா, கேட்டபடி நடக்கோணும்."

வெளியே போன் மறுபடியும் அதிர ஆரம்பித்தது.

அவள் எழுந்து போயிருக்கலாம். நாங்கள் யாரும் அவளைப் பிடித்து வைத்திருக்கவில்லை. ஆனால் என் கேள்வி அம்மனின் தோளில் இருந்தது, பூ இன்னும் விழவில்லை. அதற்காக அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த வலது பூ கயிற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் விழுந்துவிடும், பெங்களூருக்கு உத்தரவு ஆகிவிடும், ஐந்து மணியும் தாண்டிவிடும். இதெல்லாம் எனக்கு அந்த இடத்தில் நன்றாகவே தெரிந்தது. விழட்டுமே என்று ஒரு மனசு கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், பலமாகவே கேட்டது.

என் மகனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவன்தான் சொன்னான், "அம்மா, எடுத்துருங்க."

நான் எழுந்து நின்றேன். கால் மரத்துப் போயிருந்தது, தூணைப் பிடித்துக்கொண்டேன். கை கூப்பினேன். "தாயே, கேட்டத உட்டுட்டேன். நீ பதில் சொல்ல வேண்டாம். எங்கொழந்தய மட்டும் பாத்துக்க."

"உறுதியாத்தானுங்களா ஆத்தா? இன்னிக்கு எடுத்தா, இதையே மறுபடியும் கேக்க முடியாதுங்க."

"எடுங்க பூசாரி."

அவர் கற்பூரம் காட்டிவிட்டு இரண்டு பூவையும் கையால் எடுத்தார். கயிற்றில் சிக்கியிருந்த பூ, தொட்டதும் உடனே கையோடு வந்துவிட்டது. மருமகள் என் காலைத் தொட்டாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது. எழுந்து வாசற்படியைத் தாண்டும் வரை நடந்தாள். தாண்டியதும் ஓடினாள்.

வேப்பமரத்தடியில் நின்று அவள் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. இங்கிலீஷ் வேறு. ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். மகன் செருப்பு கூடப் போடாமல் சரளைக் கல்லில் நடந்து போய் அவளுக்குக் கொஞ்ச தூரத்தில் நின்றான். கூட நிற்கவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. இடம் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று நான் அம்மனைப் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை, பார்க்க மட்டும்தான் செய்தேன். ஆண்டவளே, அவள் முகம் தெளிய வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இத்தனைக்கும் அது தெளிந்தால் எங்கள் வீடு காலியாகும்.

போனைக் கீழே இறக்கினாள். மகனைப் பார்த்து ஆமாம் என்று தலையசைத்தாள். அவன் கிட்டே போய்க் கையை நீட்டி அவள் தலையில் ஒட்டியிருந்த வேப்பிலையை எடுத்துக் கீழே போட்டான். அவ்வளவுதான்.

திரும்பும்போது மகன் ஓட்டினான். எருமப்பட்டி கடைவீதியில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தான், காலையிலிருந்து முதல் முதலாக எல்லோர் வயிற்றுக்குள்ளும் ஏதோ போனது. நாத்தனார் டம்ளரை ஊதிக்கொண்டே முன்சீட்டைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்புள்ள, டெல்லியில கெட்ட குளுராமே. சொட்டர் வெச்சிருக்கறயா?"

"பழசு இருக்குதுங்க."

"பழசெல்லாம் தாங்காது. திருப்பூர்ல எம் மருமவங்கிட்டச் சொல்றேன்" என்றாள் நாத்தனார். மருமகள் மீதி டீயைக் குடிக்காமல் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி ரொம்ப நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.