நல்ல தண்ணியில் கழுவிய கதவு

என் வேனின் பக்கக் கதவு இழுத்துச் சாத்துகிற ரகம். அது சாத்தமாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரரின் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். காலையில் அனுமந்தையிலிருந்து உப்பளத்துக்குப் பெண்களை ஏற்றிப்போய் விடுவது நான்தான். பெண்பிள்ளை வண்டி ஓட்டுவது அந்த மச்சானுக்கு முதல் நாளிலிருந்தே ஆகாது.

"கதவையே சாத்தத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்கும்மா வண்டி? ஞாயித்துக்கெழம ஆள் கூட்டிட்டு வர்றேன், வித்துத் தொலைச்சிடலாம்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். வண்டி என் பேரில் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரரும் போனில், "அண்ணன் சொல்றதும் சரிதானே" என்று இழுத்தார். வண்டி போனால் மறுபடி அடுப்படிதான், ஒவ்வொன்றுக்கும் இவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான்.

மெக்கானிக்கிடம் ஏற்கெனவே மூன்று முறை போயாயிற்று. ஒவ்வொரு முறையும் கதவு ஓடுகிற கீழ் ரெயிலில் கிரீஸை அப்பிவிட்டு, "பலமா இழுங்கக்கா" என்பார். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் திரும்பவும் மல்லுக்கட்டு.

சனிக்கிழமை நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரெயிலைச் சுரண்டினால் கறுப்பாக, கட்டி கட்டியாக வந்தது. எங்கள் ஊர்ப் பழக்கம், கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். சீ! ஒரே உப்பு. உப்பளத்துப் பெண்களின் காலோடு வந்தது கொஞ்சம்தான். மீதி நானே ஊற்றியது. தினமும் பளபளவென்று போர் தண்ணியில் கழுவினேனே! நல்ல தண்ணி குடிக்கவும் சோறாக்கவும். மற்றதற்கெல்லாம் போர் தண்ணி என்பதுதான் இங்கே வழக்கம். அதில் டீ போட்டால் உப்புக் கரிக்கிறதென்று துப்பிவிடுவோம், வண்டிக்கு மட்டும் குடம் குடமாக ஊற்றுவோம். அந்த உப்பையெல்லாம் கிரீஸ் பிடித்துவைத்துக் கெட்டியாக்கிவிட்டது. புத்திகெட்டவள் நான்.

ரோலரைக் கழற்றி டீசலில் ஊறவைத்தேன். ரெயிலை அடிவரை சுரண்டி, இரண்டு குடம் நல்ல தண்ணி ஊற்றிக் கழுவினேன்.

பக்கத்து வீட்டு மாமி பதறிப்போனார். "யா அல்லா! குடிக்கிற தண்ணியில வண்டி கழுவுறியே, பைத்தியம் கியித்தியம் புடிச்சிருக்குதா?"

"ஆமா மாமி, புடிச்சிருக்குது" என்றேன். வெயிலில் நன்றாகக் காயவிட்டேன். கிரீஸைத் தொடவே இல்லை. மெழுகுவத்தியைத் தேய்த்து ரோலரை மாட்டினேன்.

ஞாயிறு காலை மச்சான் வண்டி வாங்குகிறவரோடு வந்தார். "கதவு கொஞ்சம் மக்கர் பண்ணும், நல்லா தம் கட்டி இழுக்கணும்" என்று அவரே இழுத்துக் காட்டினார். கதவு சரட்டென்று ஓடிப்போய் மூடிக்கொண்டது. கூடவே மச்சானும் நாலடி ஓடினார்.

வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்லாத்தானே இருக்குது, எதுக்கும்மா விக்கிறீங்க?" என்றார்.

"நான் எப்ப விக்கிறேன்னு சொன்னேன்? வண்டி என்னுது" என்று சாவியை எடுத்தேன். "இவ்ளோ தூரம் வந்துட்டீங்க, ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுடுறேன். மச்சான், நீங்களும் பின்னாடி ஏறிக்குங்க. கதவ மட்டும் மெதுவா சாத்துங்க."