இஞ்சித் தேத்தண்ணியும் என் முதல் சாட்சியும்

இஞ்சி தட்டிப் போட்ட தேநீரின் மணம், பனிச்சறுக்குக் கட்டைக்குப் பூசும் மெழுகின் மணத்தோடும் காரின் குளிர்காலச் சக்கரங்களின் ரப்பர் வாடையோடும் கலந்தால் எப்படியிருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை; எட்டு வயதில் எனக்குப் பாவத்தின் மணம் என்றால் அதுதான். நோர்வேயில், ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் நிலவறையில் வீட்டுக்கொன்றாகக் கம்பிவலை அடித்த சாமான் அறைகள் இருந்தன. "பூட்" என்போம். ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் சைக்கிளை எடுக்க இறங்கிப் போனேன். அப்பா சக்கரமொன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். சிவப்புக் கட்டம் போட்ட பிளாஸ்கின் மூடியில் தேநீரை ஊற்றி, குடிக்காமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பொத்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன குஞ்சு, சைக்கிளோ?" என்று சிரிக்கப் பார்த்தார். நான் சைக்கிளையும் மறந்து படியேறி ஓடினேன்.

ஏன் ஓடினேன் என்றால், நாங்கள் மோர்மன்கள். எங்கள் சபையில் "ஞான வார்த்தை" என்றொரு பிரமாணம் உண்டு: மது, புகையிலை, கோப்பி, தேநீர் எதுவும் ஆகாது. அப்பா சிகரெட்டை ஒரே நாளில் விட்டவர், பியரை அதற்கும் முன்னாலேயே விட்டவர். தேத்தண்ணி மட்டும் அவருக்கு வேறு கணக்கு. வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் ஐஸ் தண்ணீரில் மீன் வெட்டியவரின் விரல்கள் ஒஸ்லோவின் கோடையிலும் மரத்துத்தான் கிடந்தன. பத்து நிமிட இடைவேளையில் கோப்பையைப் பிடித்து விரல்களுக்கு உயிர் வரவைத்த பழக்கம் அது. இதெல்லாம் இன்று எனக்குத் தெரிகிறது.

எங்களைச் சபைக்கு அழைத்துப் போனது அம்மாவின் துக்கம். அம்மா மன்னார்க் கத்தோலிக்கப் பெண். எனக்கு முன்னால் பிறந்த ஆண்பிள்ளை அகதி முகாமில் காய்ச்சல் கண்டு எட்டாம் மாதத்தில் போய்விட்டான். அவனுடைய படம்கூட எங்களிடம் இல்லை. மின்தூக்கி பழுதான ஒருநாள் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பெடியன்கள் எங்கள் சோபாவை எட்டாம் மாடிவரை தூக்கித் தந்தார்கள். பத்தொன்பது வயது, ஒருவனுக்கு முகப்பரு இன்னும் மாறவில்லை, ஆனால் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் "மூப்பர்" என்று எழுதியிருந்தது. அடுத்த வாரம் வந்து, ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட குடும்பத்தைச் சாவும் பிரிக்காது, இறந்த பிள்ளையையும் பெற்றோரோடு இணைக்கலாம் என்று சொன்னார்கள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப என்ரை பெடியன் திருப்பி என்னட்டை வருவானோ?"

அவர்கள் ஓம் என்றார்கள். அவ்வளவுதான், அம்மா முடிவெடுத்துவிட்டாள். சொந்தக்காரர் சும்மா விடுவார்களா? "தேத்தண்ணி குடிச்சா மோட்சமில்லையெண்டா, எங்கடை ஆக்களிலை ஒருத்தரும் அங்கை மிஞ்சாயினம், நீங்கள் மூண்டு பேரும் தனியத்தான் இருக்கவேணும்" என்று ட்வெய்ட்டாவில் இருந்த மாமி, அம்மாவின் முகத்துக்கு நேரேயே பகிடி பண்ணினார். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். "நாலு பேர் மச்சாள்" என்று மட்டும் திருத்தினாள்.

அந்த ஆகஸ்டில் சுவீடனிலுள்ள ஆலயத்துக்குப் போவதாக இருந்தது. அதற்கு முன் அம்மாவும் அப்பாவும் பிஷப்பின் முன்னால் உட்கார்ந்து, பிரமாணங்களைக் கைக்கொள்கிறோம் என்று சொல்லி, ஆளுக்கொரு அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். எங்கள் பிஷப்புக்கு அங்கியெல்லாம் கிடையாது; வாரநாட்களில் குழாய் பொருத்துகிற நல்ல மனிதர்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாச ஞாயிறு. அன்றைக்குப் பிரசங்கம் இல்லை; யாரும் மேடையேறித் தம் சாட்சியைச் சொல்லலாம், சின்னப்பிள்ளைகளும் சொல்லலாம். அந்த வசந்தத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றிருந்த எனக்கு உண்மை என்றால் பைத்தியம். ஜூலையின் முதல் ஞாயிறு, வெறும் வயிற்றோடு, யாரும் தள்ளிவிடாமல் நானே ஏறினேன். மைக்கை எனக்காகத் தாழ்த்திவிட்டார்கள். சுத்தமான நோர்வேஜியனில் சொன்னேன்: "இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும். என் அப்பா நிலவறையில் ஒளித்துத் தேநீர் குடிக்கிறார். அவரைக் கடவுள் மன்னிக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். ஆமென்."

சபை மெல்லச் சிரித்தது. பிள்ளைகள் மைக்கில் இப்படி எதையாவது உளறுவது அங்கே வழக்கம்தான். அப்பா சிரிக்கவில்லை. அம்மா குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அப்பாவின் பாவத்துக்காக அழுகிறாள் என்று நினைத்து நான் நிமிர்ந்து நடந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கூட்டம் முடிந்ததும் அப்பா தானாகவே பிஷப்பின் அறைக்குப் போனார். "மகள் சொன்னது சரி" என்றாராம். பிஷப் கடிந்துகொள்ளவில்லை; சீட்டும் கொடுக்கவில்லை. ஆறு மாதம் விட்டுப் பாருங்கள், ஜனவரியில் நானே உங்களைக் கூட்டிப்போகிறேன் என்று தோளில் தட்டினாராம். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முன்னால் தட்டை வைத்தாள். "உண்மையைத்தானே சொன்னனி. சாப்பிடு" என்றாள்.

அப்பா அன்றே தேநீரை விட்டார். டிசம்பரில், வேலை செய்த முதியோர் இல்லத்தில் கட்டில் விரித்துக்கொண்டிருந்தபோதே அம்மா மூளையில் இரத்தம் கசிந்து விழுந்தாள். ஜனவரிக்கு மூன்று வாரம் இருந்தது.

செத்தவர்களுக்காகவும் முத்திரிக்கலாம், நீங்கள் வந்தால் போதும் என்று சபையார் எத்தனையோ தரம் சொன்னார்கள். அப்பா அந்த ஆலய வாசலையே மிதிக்கவில்லை. "அவ இருக்கேக்க கூட்டிக்கொண்டு போகாத இடத்துக்கு, இப்ப தனிய என்ன முகத்தோடை பிள்ளை போறது?" என்பார். சுடுதண்ணீர்க் கோப்பையைப் பொத்தியபடிதான் சொல்வார்.

நான் இன்னும் சபைக்குப் போகிறேன். படித்தேன், கேள்வி கேட்டேன், சண்டை பிடித்தேன், ஆனாலும் விசுவாசிக்கிறேன். பொய்ச்சாட்சி சொல்லாதே என்று கட்டளை இருக்கிறது. மெய்ச்சாட்சியை எங்கே, யாருக்கு முன்னால் சொல்வது என்று எட்டு வயதில் எனக்கு எந்தக் கட்டளையும் சொல்லித் தரவில்லை.

போன மாதம் அப்பா ட்வெய்ட்டாவில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறினார். நிலவறைச் சாமான் அறையை வெறுமையாக்கும்போது சறுக்குக் கட்டைகளுக்குப் பின்னால் அந்தப் பிளாஸ்க் கிடந்தது. மேலே கொண்டுபோனேன். அப்பா அதைக் கையில் வாங்கித் தூசியைத் துடைத்தார்.

"கொம்மா இஞ்சி தட்டினா அந்த மாதிரித்தான் இருக்கும்" என்றார்.

"அம்மாவோ? அம்மாவோ ஊத்தித் தந்தவ?"

"பின்னை? எனக்கெங்கை உதெல்லாம் தெரியும். 'பிள்ளை காணாமல் கீழை போய்க் குடியுங்கோ, கை நோகுமெல்லே' எண்டு சனிக்கிழமையிலை அவதான் தருவா."

தன் பிள்ளையைத் திரும்பப் பெறத் தேநீரைத் துறந்தவள், வாரத்தில் ஒருநாள் தானே அடுப்பில் தண்ணீர் வைத்திருக்கிறாள். நான் மேடையேறி அதைத்தான் காட்டிக் கொடுத்திருக்கிறேன்.

மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். இஞ்சி இல்லை, தேயிலை இல்லை. வெறும் தகரத்தின் குளிர். ஆலயச் சீட்டு என் பைக்குள்தான் இருந்தது, வாறீங்களோ அப்பா என்று இன்னொருமுறை கேட்க வாயெடுத்தேன். அவர் பிளாஸ்கைத் தன் கழுத்துத் துணியில் சுற்றி, உடையாத சாமான்களின் பெட்டியில் போடாமல், கண்ணாடிச் சாமான்களோடு வைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.