பத்தாயிரத்து ஏழு

எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல மாட்டார்கள். பிடிக்காத இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தால்கூட "பாக்கலாமுங்க" என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்புவார்கள். இதற்கு மரியாதை என்று பெயர். எனக்கு இன்றைக்கும் அதைக் கேட்டால் எரிகிறது.

தொண்ணூறுகளில் ஒரு கோடை விடுமுறை. எனக்குப் பத்து வயது. அம்மா கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா அங்கேயே இருந்தார். அவிநாசி வீட்டில் என்னைப் பார்த்துக்கொண்டது மாமா, அம்மாவின் தம்பி. கணக்குப் படித்துவிட்டு மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். பக்கத்து வீட்டில் போன் அடித்தால் சாப்பிட்ட கையோடு ஓடுவார். திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிடுவார்.

"அம்மாவப் பாக்கோணுங்க மாமா" என்று விடாமல் நச்சரித்தேன். ஒருநாள் சிலேட்டில் 10007 என்று எழுதி நீட்டினார்.

"ஒண்ணையும் இதையும் உட்டுப்போட்டு, மீதியில்லாம இத வகுக்கற ஒரு நம்பரக் கண்டுபுடி அம்மணி. அன்னைக்கே பஸ் ஏறிப்போடலாம்."

வகுத்தேன். ஏழில் நான்கு மிஞ்சியது. பதினொன்றில் எட்டு. பதின்மூன்றில் பத்து. எதில் போனாலும் ஏதாவது மிஞ்சி நின்றது. நான் தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிடும் என்று பயந்து, சோறு இறங்காமல் வகுத்தேன். நூறு வரைக்கும் பார்த்த பிறகு ஒன்று உறைத்தது. இரண்டு எண்ணும் நூறுக்கு மேலே இருந்தால் பெருக்கும்போது இதைத் தாண்டிவிடும். அப்படியென்றால் ஒன்றாவது நூறுக்குள் சிக்கியிருக்க வேண்டும். சிக்கவில்லை. அப்படி ஒரு எண்ணே கிடையாது.

சிலேட்டை அவர் முன்னால் போட்டேன். "இது எதுலயும் போகாதுங்க. தெரிஞ்சேதான குடுத்தீங்க? ஏமாத்திப்போட்டீங்க!"

"நூறோட நிறுத்தோணும்னு உனக்கு ஆரு சொன்னா?"

"ஆருஞ் சொல்லல. கூட்டிட்டுப் போக முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க!"

மாமா வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டில் போன் அடித்தது. ஓடினார். வர நேரமானது. வந்தவர் சிலேட்டை எடுத்து, கட்டைவிரலால் ஏழை அழித்து அங்கே ஐந்து என்று எழுதினார்.

"இப்பப் பாரு."

வகுக்கவே வேண்டாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். "அஞ்சுல போகுதுங்க மாமா!"

"கெட்டிக்காரி. நல்ல பாவாடையா எடுத்துப் போட்டுக்கிட்டு வா, போலாம்."

பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடட்டும் என்று டாக்டர் சொன்னதைத்தான் அப்பா போனில் சொல்லியிருக்கிறார். அது எனக்குத் தெரிந்தது ரொம்ப நாள் கழித்து. அன்றைக்கு நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "தோத்துப்போட்டீங்க மாமா, தோத்துப்போட்டீங்க" என்று வழியெல்லாம் அவரைச் சீண்டிக்கொண்டு வந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்றதற்கு இவ்வளவு கோபமா என்று நினைத்தேன்.